கே (gay, தன்பாலீர்ப்பு உள்ள) ஆளுங்களோட சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) லீக் எப்படி ஆரம்பிச்சுது, தனியா எதுக்கு ஒரு லீக்?

எல்லாம் பார்ல ஆரம்பிச்ச கதைதான். 70கள்ல சான் பிரான்சிஸ்கோவுல கே ஆளுங்களுக்கு பயமில்லாம கூடுற இடம்னா பார்தான், அந்த பார்களே டீம் போட்டு ஆட ஆரம்பிச்சாங்க, அதுலயும் அந்த ஊர் போலீஸ் டீமோட ஆடின மேட்ச்தான் செம, ஏன்னா அதுக்கு கொஞ்ச காலம் முன்ன வரைக்கும் அதே போலீஸ் பார்ல ரெய்டு பண்ணிட்டு இருந்துச்சு!

1977ல முதல் கே சாஃப்ட்பால் வேர்ல்ட் சீரிஸ் அங்கயே நடந்துச்சு. அப்புறம் அமெரிக்கா, கனடான்னு ஊர் ஊரா பரவிடுச்சு. ஒரு டீம்ல ரெண்டு பேருக்கு மேல ஸ்ட்ரெய்ட் ஆளுங்க (எதிர்பாலை மட்டும் விரும்புறவங்க) இருக்கக்கூடாதுன்னு அப்போ ரூல் வேற இருந்துச்சு. 2008ல சியாட்டில்ல அதை வச்சே ஒரு டீமை தகுதிநீக்கம் பண்ணிட்டாங்க, கேஸ் கோர்ட்டுக்குப் போய் 2011லதான் சமரசமா முடிஞ்சுது. யார் 'கே', யார் இல்லன்னு விசாரணை வச்சது எனக்கு அபத்தமாத்தான் படுது.