ஜப்பானின் விலை கூடிய சிடி மறுவெளியீடுகளில் பழைய செவ்வியல் பதிவுகள் உண்மையிலேயே நன்றாகக் கேட்குமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கேட்டவரின் தம்பிக்கு ஜப்பானில் வேலை. அடுத்த மாதம் அம்பாறைக்கு லீவில் வருகிறார். இசைநடத்துநர் சோல்டி நடத்திய வாக்னர் ஒபேராக்களும், டெக்கா, மெர்குரி என்ற இசை நிறுவனங்களின் இன்னும் சில பழைய பதிவுகளும் அங்கே எஸ்எச்எம்-சிடி, யூஎச்கியூசிடி, எஸ்ஏசிடி என்று பல பெயர்களில் கிடைக்கின்றன. சாதாரண சிடியை விட விலை நன்றாகவே கூட. அந்தக் காசுக்கு ஒலியின் தரமும் கூடுமா என்று கேட்டிருக்கிறார்.

என் பதில்: தட்டு எதால் செய்யப்பட்டது என்பதால் ஒலியின் தரம் கூடப்போவதில்லை. தட்டில் ஏற்றியிருக்கும் மாஸ்டர், அதாவது மூல நாடாவில் இருந்து தயாரித்த இறுதி ஒலிப்பிரதி, புதிதாகவும் கவனமாகவும் செய்யப்பட்டிருந்தால் கூடும். சில பதிவுகளில் மலைக்கிற அளவுக்குக் கூடும். இரண்டும் ஒரே உறைக்குள் வருவதால் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் ஆட்கள் காசு கொடுக்கிறார்கள்.

முதலில் தட்டைப் பார்ப்போம். எஸ்எச்எம்-சிடியை 2008 வாக்கில் யூனிவர்சலின் ஜப்பான் கிளையும் ஜேவிசியும் சேர்ந்து கொண்டுவந்தன. எல்சிடி திரைகளுக்குப் பயன்படும், ஒளி கூடுதலாக ஊடுருவும் பொலிகாபனேற்றில் தட்டை வார்க்கிறார்கள். அதே ஆண்டுக் கடைசியில் சோனி கொண்டுவந்தது புளூ-ஸ்பெக். அதில் மூலத் தட்டை வெட்டுவதற்கு நீல லேசர். யூஎச்கியூசிடி வந்தது 2015இல். அதில் இசைத் தகவலைத் தாங்கும் நுண்ணிய குழிகள் ஒளிபட்டு இறுகும் ஒரு பிசினில் பதிகின்றன. மூன்றுக்கும் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: குழிகள் துல்லியமாக இருந்தால் லேசர் துல்லியமாக வாசிக்கும், ஆகவே ஒலி துலங்கும்.

குழிகள் துல்லியமாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதாரணத் தட்டையே பிளேயர் சரியாகத்தான் வாசிக்கிறது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த விதிப்படி ஒரு சிடியில் ஒலியலையை அளந்த எண்கள், அதாவது மாதிரிகள், விநாடிக்கு 44,100; ஒவ்வொன்றும் 16 பிட். அதோடு பிழைதிருத்தத் தகவலும் பின்னப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் நீளத்துக்குத் தடம் கீறிப்போனாலும், இழந்த எண்களை அப்படியே கணக்கிட்டு மீட்டுவிடலாம். வாசித்த எண்கள் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஒரு தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, பிளேயருக்குள் இருக்கும் குவாட்ஸ் கடிகாரத்தின் தாளத்தில் வெளியே வருகின்றன. தட்டு எந்தப் பிளாஸ்ரிக் என்பது அந்தக் கட்டத்தைத் தாண்டி வருவதற்கு வழியில்லை. ஒரே கடிதத்தைத் தடித்த தாளில் அச்சடித்தாலும் மெல்லிய தாளில் அச்சடித்தாலும் வாசிக்கிற சொல் ஒன்றுதானே.

இதை நானே சோதித்தும் பார்த்தேன். ஒரே மாஸ்டரில் இருந்து வந்த ஒரு பியானோப் பதிவு, ஐரோப்பாவில் அச்சான சாதாரண சிடியாகவும் ஜப்பானிய எஸ்எச்எம்-சிடியாகவும் கையில் இருந்தது. எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி மென்பொருளில் இரண்டையும் கணினிக்கு எடுத்து, தொடக்கத்தைப் பொருத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினேன். வித்தியாசம் ஏதாவது இருந்தால் அது மட்டும் மிஞ்சி ஒலிக்க வேண்டும். ஒன்றுமே மிஞ்சவில்லை. முதல் சுரத்தில் இருந்து கடைசிச் சுரம் வரை முழு மௌனம்.

அளவியை மட்டும் நம்பாமல் காதையும் கேட்டேன். மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் படிக்கும் மருமகள் ஒருத்தி இருக்கிறாள். சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் முகத்தைச் சுளிக்கும் காது அவளுக்கு. எது எதுவென்று சொல்லாமல், சத்த அளவைச் சமப்படுத்தி, அந்த இரண்டையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிப் போட்டேன். "மாமா, இது ரெண்டும் ஒண்டுதானே, என்னத்தக் கேக்கச் சொல்றீங்க?" என்றாள். மறுகா ஒரே இசையின் வெவ்வேறு கால மாஸ்டர்கள் இரண்டைப் போட்டேன். சில விநாடிகளிலேயே ஒன்றில் வயலின்கள் கூர்மையாகக் குத்துவதாகவும் மற்றதில் வில்லின் உராய்வு தெரிவதாகவும் பிரித்துச் சொல்லிவிட்டாள்.

சத்த அளவைச் சமப்படுத்துவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அரை டெசிபெல் கூடினாலே "சத்தம் கூட" என்று நமக்குத் தோன்றாது, "நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். மறுவெளியீடுகள் பல பழையதை விடச் சற்று உரக்கவே வருகின்றன. ஆகவே வீட்டில் ஒப்பிடுகிறவர்கள் இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இனி மாஸ்டர். எனக்கு உண்மையில் ஆர்வமுள்ள இடம் இதுதான், நீங்கள் கேட்ட சோல்டியின் 'ரிங்' (வாக்னரின் நான்கு ஒபேராக்கள் கொண்ட தொடர்) இதற்கு மிகப் பொருத்தமான உதாரணமும் கூட. அதை வியன்னாவின் சோபியன்சால் மண்டபத்தில் 1958 தொடங்கி 1965 வரை, தயாரிப்பாளர் ஜோன் கல்ஷோவின் மேற்பார்வையில் பதிவு செய்தார்கள். 1980களில் முதல் தடவையாக சிடிக்கு வந்தது. 1997இல் நாடாவில் இருந்து 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் டிஜிட்டலுக்கு மறுபடி மாற்றினார்கள். 2012இல் வந்த பெரிய பெட்டியும் அந்த 1997 மாற்றத்தையே எடுத்துக்கொண்டது. மூல நாடாக்கள் பழுதாகிவிட்டன என்பது அப்போது சொன்ன காரணம். பிறகு 2022இல் டெக்கா அந்த நாடாக்களுக்கே திரும்பிப் போய், 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸில் புதிதாக மாற்றி, ஹைபிரிட் எஸ்ஏசிடியாக, அதாவது எஸ்ஏசிடி அடுக்கும் சாதாரண சிடி அடுக்கும் ஒன்றாக உள்ள தட்டாக, வெளியிடத் தொடங்கியது. ஆகவே 1997 மாற்றத்தை எந்த உயர்ந்த பிளாஸ்ரிக்கில் வார்த்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 1997இன் ஒலிதான். 2022 மாற்றத்தை அந்த ஹைபிரிட் தட்டின் சாதாரண சிடி அடுக்கில் கேட்டாலும் புதிய ஒலி.

மெர்குரியின் கதை இதற்கு மறுபக்கம். அந்தப் பதிவுகளை அந்தக் காலத்தில் தயாரித்த வில்மா கோசார்ட் ஃபைன் என்ற அம்மையாரே, 1990 தொடங்கி அவற்றை சிடிக்கு மாற்றும் வேலையையும் முன்னின்று செய்தார். மூன்று மைக்கில் எடுத்த மூன்று தட நாடாக்களை இரண்டு தடமாகக் கலந்து தந்தவர் அவர். மண்டபத்தில் அந்த இசை எப்படி ஒலித்தது என்று தெரிந்த ஆளே இருந்து செய்த மாற்றம். முப்பது வருடத்துக்கு முந்திய அந்தச் சாதாரண சிடிகள் இன்றும் என்னிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்தவற்றில் சேரும். புதியது என்பதற்காக அவற்றை மாற்ற நான் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன். நாடாவும் வயது போகப் போகத் தேயும். இளமையாக இருந்த நாடாவில் இருந்து எடுத்த பழைய மாற்றம், தேய்ந்த பிறகு எடுத்த புதியதை விட நன்றாக இருப்பதும் உண்டு.

நம் கர்நாடக இசைக்கும் இதே விதிதான். பழைய கச்சேரிப் பதிவுகளை சிடியாக்கும்போது இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்புராவையும் சேர்த்துத் துடைத்துவிட்ட வெளியீடுகளைக் கேட்டிருக்கிறேன். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் சுருதியே இல்லாமல் ஒரு பள்ளம். அந்தத் தட்டைத் தங்கத்தில் வார்த்தாலும் தம்புரா திரும்பி வராது. கேட்கும்போது எனக்கு மனம் வேகிறது.

எஸ்ஏசிடி வேறு வகை. அது 1999இல் வந்த தனி வடிவம், சிடியை விட அதிகத் தகவல் கொள்ளும். காதுக்கு அது தெரியுமா? மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரத் தட்டின் ஒலியை நேராகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம். நாணயம் சுண்டினால் வருகிற விகிதம். அதே ஆய்வாளர்கள், எஸ்ஏசிடிகள் பல சிடிகளை விட நன்றாக ஒலிப்பதையும் ஒப்புக்கொண்டு, அதைத் தயாரிப்பில் எடுத்த கவனத்தோடு தொடர்புபடுத்தினார்கள். நான் எஸ்ஏசிடி வாங்குவதும் அந்தக் கவனத்துக்காகத்தான்.

எம்கியூஏ-சிடி என்று ஒன்றும் கண்ணில் படும். அதன் சிறப்பு வெளிவர அதற்கென்ற டிகோடர் வேண்டும், அந்த நிறுவனமே 2023இல் நிதி நெருக்கடியில் நிர்வாகியின் கைக்குப் போனது. விட்டுவிடுங்கள்.

அப்புறம் நம்முடைய வீடுகள். கல்லடியில் என் அறையில் ஃபேன் சுழலும், ஜன்னலால் கடல் இரையும், ஒழுங்கையில் திறீவீலர் போகும். 'ரிங்' தொடரின் முதல் ஒபேராவான 'ரைன்கோல்ட்' தொடங்கும்போது டபுள் பாஸ்கள் பிடிக்கும் அந்த அடிச்சுரம் ஃபேன் சத்தத்துக்குள்ளேயே மூழ்கிப்போகிறது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சாதாரண சிடி கொள்ளும் 96 டெசிபெல் வீச்சையே இந்த அறை முழுதாகத் தருவதில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, காதை மூடும் நல்ல ஹெட்போனில் அதே பழைய சிடியைக் கேட்டுப் பாருங்கள்; எந்த ஜப்பானியத் தட்டும் தராத வித்தியாசம் அதில் தெரியும்.

தட்டின் பொருள் முக்கியமாகும் ஓர் இடம் உண்டு, அது ஆயுள். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ ஆலை அச்சிட்ட சிடிகளில் பல, பூச்சுச் சரியில்லாததால் வெண்கல நிறமாகி வாசிக்க முடியாமல் போயின. ஹைப்பீரியன் என்ற செவ்வியல் இசை நிறுவனத்தின் வெளியீடுகளும் அதில் அடக்கம். பழைய சிடி வாங்கினால் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்கள் கரையோர உப்புக்காற்றில் தட்டுகளை மூடிய பெட்டியில் வைப்பதும் நல்லது.

தம்பிக்கு இப்படிச் சொல்லி அனுப்புங்கள். உறையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டியில் பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு, பின்னட்டையைப் படமெடுத்து அனுப்பட்டும். எந்த ஆண்டு மாற்றம், மூல நாடாவில் இருந்தா என்று பாருங்கள். உங்களிடம் இருக்கும் அதே மாஸ்டர் என்றால் வேண்டாம். 'ரிங்' என்றால் 2022 மாற்றம் மட்டும். மெர்குரிக்கு 1990களின் பழைய சிடி போதும்; ஜப்பானின் பழைய சாமான் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். எஸ்ஏசிடி எடுத்தால் அது ஹைபிரிட்டா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எச்எம்-எஸ்ஏசிடி என்ற வகையில் சிடி அடுக்கே இல்லை, உங்கள் வீட்டு சிடி பிளேயரில் அது பாடாது.