மறு: எஸ்.டபிள்யூ.எம்.எம். மாதிரியில் ஓட்டம் அளந்ததைவிட இருமடங்கு

வணக்கம். மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளில் நீங்கள் அமைத்த மாதிரியில் உச்ச ஓட்டமும் மொத்த நீரளவும் அளந்ததைப்போல இருமடங்கு வருகிறது, மேனிங் எண்ணை (பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண் உச்சத்தைத் தள்ளிப்போடும், தணிக்கும். மொத்த அளவை அவ்வளவாகத் தொடாது. முதலில் மொத்த அளவைப் பிடியுங்கள்.

என் சந்தேகம் நீர் புகாப் பரப்பின் மேல்தான். செயற்கைக்கோள் படத்தில் எடுத்த 65% என்றீர்களே, அது கூரை, சாலை எல்லாம் சேர்ந்த மொத்தம். கூரைத் தண்ணீர் முழுக்க வடிகாலுக்கு நேராகப் போவதில்லை, ஒரு பங்கு மண்ணில் விழுந்து இறங்கிவிடும். துணைப்படுகையின் (மாதிரியில் பிரித்த ஒவ்வொரு வடிநிலப் பகுதியின்) பண்புகளில் நீர் புகாப் பரப்பின் ஓட்டத்தை நீர் புகும் பரப்புக்குத் திருப்பி, சதவீதம் கொடுக்க இடம் இருக்கிறது. 20, 30 என்று கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது துணைப்படுகையின் அகலம். வரைபடத்தில் தெரியும் அகலத்தைப் போடக்கூடாது (நானும் போட்டு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்). பரப்பளவை, நிலத்தின் மேல் நீர் ஓடும் நீளத்தால் வகுக்க வேண்டும். 4 ஹெக்டேருக்கு 100 மீட்டர் நீளம் என்றால் அகலம் 400 மீட்டர். இது கூடினால் உச்சமும் கூடும்.

கடைவாய்க் குழாய் ஆற்று நீரில் மூழ்குகிறது என்கிறீர்கள், ஆனால் குழாய் ஓட்டத்தைக் கணக்கிட நீங்கள் தேர்ந்திருக்கும் முறை கைனமேட்டிக் வேவ். அதற்குப் பின்தேக்கம், அதாவது கீழே தடைபட்ட நீர் மேல்நோக்கித் தேங்குவது, தெரியாது. அதையும் கணக்கில் எடுக்கும் டைனமிக் வேவ் முறைக்கு மாறி, கணக்கிடும் நேரப்படியை 5 நொடியாக்குங்கள்.

அப்புறம், மழைமானி படுகைக்குள்ளேயே இருக்கிறதா, வெளியிலா?