லாக் கென் ஏரியைச் சுற்றி ரெட் கைட் பார்க்க: கேட்டதும் சொன்னதும்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், காலோவே பகுதியில், லாக் கென் என்ற நீண்ட ஏரியைச் சுற்றி, ரெட் கைட் என்ற செம்பழுப்புப் பருந்தைப் பார்க்க ஒரு தடம் இருக்கிறது. அதைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பாதி ஒரே கேள்வி. முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கிளாஸ்கோ: குழந்தைகளோடு ஒரே நாளில் போய்வர முடியுமா? கார் இல்லாமல் முடியுமா?

முடியும், காரில். இது நடைபாதை இல்லை, ஏரியைச் சுற்றி வரும் சாலைவழி. காசில் டக்ளஸில் தொடங்கி, கிழக்குக் கரையில் ஏ713 சாலையில் வடக்கே நியூ காலோவே வரை போங்கள். திரும்பும்போது மேற்குக் கரையில் ஏ762. அதில் லாரிஸ்டன் என்ற சின்ன ஊர் வரும். பக்கத்திலேயே பெலிமாக் ஹில் பண்ணை. அங்கேதான் தினமும் மதியம் 2 மணிக்குப் பறவைகளுக்குத் தீனி போடுகிறார்கள். ஒன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். சுற்றியுள்ள மரங்களில் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். அந்தக் காத்திருப்பே பார்க்க நன்றாக இருக்கும்.

ரயில் டம்ஃப்ரீஸோடு சரி. ஏரிக்கரைப் பாதையை 1965-இல் மூடிவிட்டார்கள். பழைய ரயில் பாலம் மட்டும் ஏரியின் குறுக்கே இன்னும் நிற்கிறது. பஸ் உண்டு, ஆனால் அதை நம்பி 2 மணிக்குப் போய்ச் சேருவது கஷ்டம்.

லண்டன்: அண்ணை, ரெடிங்கில எங்கட அக்கா வீட்டுக் கூரைக்கு மேலயே பறக்குது. இதுக்கு ஏன் ஸ்கொட்லாந்து மட்டும் போகோணும்?

நியாயமான கேள்வி, தம்பி. பறவை மட்டும்தான் வேண்டும் என்றால் போக வேண்டாம். எம்40 சாலையில் சில்டர்ன்ஸ் குன்றுகளைத் தாண்டும்போது காருக்குள்ளிருந்தே பார்க்கலாம்.

ஆனால் உங்கள் அக்கா வீட்டுக் கூரைக்கு அது எப்படி வந்தது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுட்டும் விஷம் வைத்தும் தீர்த்துவிட்டார்கள். வேல்ஸின் நடுப்பகுதியில் மட்டும் சில ஜோடிகள் தப்பின. 1989-இல் இரண்டு இடங்களில் மீட்பு வேலை தொடங்கியது. ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன்ஸில் விட்டார்கள். சுவீடனிலிருந்து வந்தவை வட ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் பக்கத்து பிளாக் ஐலில். ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, ஒரே காலம். 2006 வாக்கில் சில்டர்ன்ஸில் 300 ஜோடிகளுக்கு மேல். பிளாக் ஐலில் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. குளிரா? இல்லை. ரெட் கைட் இடுவதே இரண்டு மூன்று முட்டைதான். அந்த இரண்டு மூன்றும் ஒழுங்காகப் பொரிந்து பறந்தன. பறந்த பிறகுதான் செத்தன, பெரும்பாலும் விஷத்தால். 2014-இல் அதே வட்டாரத்தில் கானன் பிரிட்ஜ் அருகே சில வாரங்களுக்குள் 16 ரெட் கைட்களும், பசர்ட் என்ற வேறு வகைப் பருந்துகள் 6-உம் செத்துக் கிடந்தன.

காலோவேயில் பறவைகளை விட்டது அதற்கெல்லாம் பிறகு, 2001 முதல் 2005 வரை. மலை, ஏரி, செம்மறி ஆடு, நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்பு மாடு, அதற்கு மேல் இது. ரெடிங்கில் இது கிடைக்காது.

அப்புறம், அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள்: தோட்டத்தில் கோழிக்கறி வீசக் கூடாது. அப்படி வீசும் கறியில் பெரும்பாலும் எலும்பும் தோலும் இருக்காது. அதையே குஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளைந்துவிடும். அதோடு, மனிதன் கையில் இருப்பதெல்லாம் தனக்குத்தான் என்று பழகிவிடும். பூங்காவில் குழந்தை கையிலிருக்கும் சாண்ட்விச்சைப் பறிப்பது இப்படிப் பழகியவைதான்.

பர்மிங்காம்: தீனி எத்தனை மணிக்கு?

2 மணி.

சென்னை: இது நம்ம செம்பருந்துதானே?

இல்லை. நம்முடையது வெள்ளைத் தலை, வட்ட வால். இது சாம்பல் தலை, பிளந்த வால். நம் ஊர்க் கரும்பருந்துதான் இதற்கு நெருங்கிய உறவு.

மான்செஸ்டர்: பசர்டையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எனக்கு எல்லாமே பழுப்பாகத் தெரிகிறது.

நிறத்தை விடுங்கள். வானத்துக்கு எதிரே எல்லாமே கறுப்புதான். வாலைப் பாருங்கள். பசர்டின் வால் குட்டையான விசிறி, பெரிதாக அசையாது. ரெட் கைட்டின் வால் ஓயாது. இறக்கையை அடிக்காமல் காற்றில் நிற்கும், ஆனால் வால் மட்டும் இடப்பக்கம் சாயும், வலப்பக்கம் சாயும், ஒரு முனை தாழும், மறுமுனை எழும். படகுக்குச் சுக்கான் எப்படியோ அப்படி. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறந்தாலும் தப்பாது. வட்டமடிக்கும்போது பசர்ட் இறக்கையை மேலே தூக்கி 'வி' மாதிரி வைக்கும். ரெட் கைட் தட்டையாக, நுனியைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கும். தலைக்கு மேலே வந்தால் இறக்கை நுனிக்கு உள்ளே வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். இந்த ஆண்டுக் குஞ்சு என்றால் வாலில் பிளவு குறைவு, உடல் வெளிறியிருக்கும்.

சிலவற்றின் இறக்கையில் வண்ணப் பட்டை தெரியும். இடப்பக்கம் எந்தப் பகுதி, வலப்பக்கம் எந்த ஆண்டு என்று கணக்கு. ஆண், பெண் எது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள்.

எடின்பரோ: கறி போட்டு வரவழைத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் பறவை பார்ப்பதா? சர்க்கஸ். வீட்டில் போடாதே என்கிறீர்கள், பண்ணையில் போட்டால் கைதட்டுகிறீர்கள்.

இரண்டும் ஒன்றில்லை. பண்ணையில் ஒரு வேளை, ஓர் இடம், ஆள் தள்ளி நிற்கும் தூரம். சமைக்காத இறைச்சி. வந்த பறவை கீழே உட்காருவதுகூட இல்லை. சரேலென்று இறங்கிக் காலால் கவ்வி, மேலே போய்ப் பறந்தபடியே தின்னும். மற்ற நேரமெல்லாம் தானே தேடிக்கொள்கிறது. செத்த முயல், எலி, உழுத நிலத்தில் மண்புழு.

முக்கியமான காரணம் வேறு. 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கொன்றவர்கள் பண்ணைக்காரர்களும் வேட்டை நிலக் காவலர்களும். இன்று ஒரு பண்ணைக்காரருக்கு உயிரோடு பறக்கும் பறவையால் நாலு காசு வருகிறது. பக்கத்து ஊர் டீக்கடைக்கும் விடுதிக்கும் வருகிறது. அங்கே எவனாவது விஷம் வைத்தால் ஊரே கேட்கும்.

எடின்பரோ (மறுபடி): காசுக்காகக் காப்பாற்றினால் காசு நின்றதும் விட்டுவிடுவார்கள்.

இருக்கலாம். அதற்குள் பறவை நிலைத்துவிட்டால் போதும். சில்டர்ன்ஸில் யாரும் காசு கொடுத்துப் பார்க்கவில்லை, அங்கே நிலைத்துவிட்டது. 2022 முதல் இங்கிலாந்துக் குஞ்சுகளைத் திருப்பி ஸ்பெயினின் எக்ஸ்ட்ரீமதுராவுக்கு அனுப்பினார்கள், அங்கே குறைந்துபோனதால். உங்களுக்குப் பெஞ்ச் பிடிக்கவில்லையென்றால் நியூ காலோவேக்குத் தெற்கே ஏதாவது வயலோரம் வண்டியை நிறுத்துங்கள். புல் அறுத்த நாளாகப் பாருங்கள். டிக்கெட் இல்லாத சர்க்கஸ் அது.

எடின்பரோ (மூன்றாம் முறை)

ஐயா, மற்றவர்களும் இருக்கிறார்கள்.

யார்க்: ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிடும் என்கிறார் என் பக்கத்து வீட்டுக்காரர்.

பறவையே ஒரு கிலோ சொச்சம்தான். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 180 செ.மீ., அதனால்தான் பயம். கால் பலவீனமானது. செத்த ஆட்டின் தோலைக் கிழிக்கவே முடியாமல், அண்டங்காக்கை வந்து கிழிக்கட்டும் என்று காத்திருக்கும்.

கோவை: விஷம் என்றால் நம் பாறுக் கழுகு கதைதானா?

முடிவு ஒன்று, காரணம் வேறு. நம்மூரில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து செத்த மாட்டின் வழியாகக் கழுகைக் கொன்றது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். யாரும் வேண்டுமென்று கொல்லவில்லை. இங்கே செத்த முயலில் விஷத்தைத் தடவி வேண்டுமென்றே வைக்கிறார்கள். எலி மருந்து தின்ற எலியைத் தின்று சாவது தனிக் கணக்கு. எலி மருந்து வைப்பவர்கள் செத்த எலியைத் தேடி எடுத்துவிடுங்கள். நீலகிரி மாயாறு பக்கத்துப் பாறுகள் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

லெஸ்டர்: கேமரா செட்டிங்?

ஷட்டர் 2000-இல் ஒரு பங்கு. வானம் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள், இல்லையென்றால் நிழலுருவம்தான் வரும். முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பாருங்கள்.

லெஸ்டர்: டிரோன்?

கூடாது.

லூட்டன்: கூடு பார்க்கலாமா? துணியெல்லாம் வைத்துக் கட்டுமாமே?

துணி, பொம்மை, கொடியில் காயப்போட்ட உள்ளாடை எல்லாம் போகும். ஆனால் கூட்டைத் தேடிப் போகாதீர்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டிலிருக்கும் பறவையைத் தொந்தரவு செய்வது குற்றம். மார்ச் முதல் ஜூலை வரை காட்டுக்குள் போகாமல் சாலையிலேயே நில்லுங்கள்.

நியூகாசில்: தோட்டத்தில் பன்றிக்கறி போடலாமா? அது கோழி இல்லையே.

மேலே படியுங்கள்.

கார்டிஃப்: தீனி எத்தனை மணிக்கு?

மேலே படியுங்கள். நீங்கள் வேல்ஸிலேயே இருக்கிறீர்கள், ராயடர் பக்கத்தில் கிக்ரின் பண்ணைக்குப் போங்கள். அங்கே கோடையில் நேரம் மாறும், கேட்டுக்கொண்டு போங்கள்.

அபர்டீன்: எந்த மாதம் நல்லது? பறவை தவிர வேறு ஏதாவது உண்டா?

எண்ணிக்கை வேண்டும் என்றால் குளிர்காலம். அப்போது கூட்டமாக ஒரே தோப்பில் அடையும், தீனிக்கும் நிறைய வரும். டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும், அதனால் ஏரியைக் காலையிலேயே சுற்றிவிடுங்கள். கென்-டீ சதுப்பு நிலத்தில் கிரீன்லாந்திலிருந்து வந்த வெள்ளைநெற்றி வாத்துகள் மேயும். கோடை என்றால் காசில் டக்ளஸ் பக்கத்தில் த்ரீவ் கோட்டை அருகே விராலடிப்பான் கூடு கட்டும். மழைச்சட்டை எந்த மாதமும் எடுத்துப் போங்கள். கிளம்புமுன் பண்ணை அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சிறு கட்டணம் உண்டு.