கலை, காலை, காளை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தாம்பரத்தில் இருக்கிறேன். தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் நேரம்தான் எனக்கு எழுதக் கிடைக்கிறது. எல்லாமே போனில்தான். இத்தனை நாளும் இரண்டு கட்டைவிரலாலும் தட்டித்தான் எழுதினேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், கீபோர்டில் வைத்த விரலை எடுக்காமல் எழுத்துக்கு எழுத்து இழுத்துக்கொண்டே போகிறாள். அவள் சொல்லிக்கொடுத்து இரண்டு மாதமாக நானும் ஆங்கில எழுத்துகள்மேல் இழுத்துத் தமிழ் எழுதுகிறேன். வேகம் கூடியிருக்கிறது. ஆனால் தங்கைக்கு ‘நாளை பள்ளி இல்லை’ என்று அனுப்பியது ‘நாளை பல்லி இல்லை’ என்று போய்விட்டது.

அது போகட்டும். நான் எழுதும் கதையில் ஸ்ரீவைகுண்டத்து ஆச்சி ஒருத்தி வருகிறாள். அவள் பேச்சில் ‘வாரியளா’ என்று இழுத்தால் ‘வாரியார்’ என்றே வருகிறது. மூன்று முறை முயன்றுவிட்டு ‘வருகிறீர்களா’ என்று மாற்றிவிட்டேன். கொஞ்ச நாளாக வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம் வலியும் இருக்கிறது. நீங்களும் போனில்தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். இழுப்பது நல்லதா, தட்டுவது நல்லதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதை, கட்டுரை எல்லாம் நான் தட்டித்தான் எழுதுகிறேன். ‘கிளம்பிட்டேன்’, ‘பால் வாங்கிட்டு வரேன்’ மாதிரி வீட்டுக்கு அனுப்பும் செய்திகளை இழுத்து எழுதுவேன். பல மாதங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபிறகு வந்த பழக்கம் இது. இழுப்பதில் குறை இருக்கிறது என்பதற்காக வந்த முடிவு இல்லை. தமிழில் எழுதுகிறேன் என்பதால் வந்த முடிவு.

இழுக்கும்போது போனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பள்ளி எப்படிப் பல்லியானது என்பது புரிந்துவிடும். நாம் எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒரு கோடு வரைகிறோம். போனில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் எழுத்துகளை வரிசையாகத் தொட்டுப் போகும் ஒரு கோடு உண்டு. நம் கோடு எந்தச் சொல்லின் கோட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, பக்கத்துச் சொற்களோடு எது பொருந்தும் என்று பார்த்து, போன் ஒரு சொல்லை எடுத்து வைக்கிறது. அதாவது எழுத்துக்கூட்டும் வேலை நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

இந்த யோசனையை ஆராய்ச்சியாக வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஷுமின் ஜாய், பெர் ஓலா கிறிஸ்டென்சன் இருவரும். கலிபோர்னியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடன் ஆய்வகத்தில் செய்து, 2003இல் வெளியிட்டார்கள். அவர்கள் இதைச் சுருக்கெழுத்து என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விஷயம் அதுதான். முதலில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து இழுப்போம். நாள் போகப் போக அந்தச் சொல்லின் கோடு ஒரு வடிவமாக விரலில் தங்கிவிடும், அப்புறம் பார்க்கவே வேண்டாம். உங்கள் மகளின் வேகம் இதனால் வந்தது. ஸ்வைப் என்ற பெயரிலேயே ஒரு கீபோர்டு 2009இல் சாம்சங் போன் ஒன்றில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கிளிஃப் குஷ்லர். பழைய பட்டன் போனில் எண்களை அழுத்திச் சொல் வரவைத்த டி9 முறையிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆண்ட்ராய்டின் சொந்தக் கீபோர்டுக்கு 2012இலும் ஐபோனின் சொந்தக் கீபோர்டுக்கு 2019இலும் இழுக்கும் வசதி வந்தது. முதலில் வந்த அந்த ஸ்வைப் 2018இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

பிட்மேன் சுருக்கெழுத்து படித்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வேகமாக எழுதும்போது உயிரொலிக் குறிகளை விட்டுவிடுவார்கள். பிறகு விரித்து எழுதும்போது வாக்கியத்தின் போக்கைப் பார்த்து நிரப்பிக்கொள்வார்கள். அங்கே விட்டவரும் நிரப்புகிறவரும் ஒரே ஆள். சொன்னவர் குரல்கூடக் காதில் இருக்கும். இங்கே விடுவது நாம், நிரப்புவது போன்.

தமிழுக்கு இது ஏன் பெரிய சிக்கல் என்றால், ஒரே எழுத்தை இரண்டு முறை தொடுவதற்குக் கோட்டில் தடமே கிடையாது. விரல் அந்த எழுத்தின்மேல்தான் ஏற்கெனவே நிற்கிறதே. ஆங்கிலத்தில் இதனால் கெடும் சொற்கள் குறைவு. தமிழில் பொருளே குறில் நெடிலிலும், ஒற்று இரட்டிப்பதிலும்தான் தங்கியிருக்கிறது. ஆங்கில எழுத்துகள்மேல் கே, ஏ, எல், ஏ, ஐ என்று இழுத்துப் பாருங்கள். கலை, காலை, களை, காளை, கல்லை ஐந்துக்கும் ஒரே கோடு. படமும் பாடமும் ஒரே கோடு. பலி, பல்லி, பள்ளி மூன்றும் ஒரே கோடு. ‘அம்மா’வுக்கும் ‘ஆமா’வுக்கும்கூட வித்தியாசம் இல்லை. நீங்கள் இழுத்ததில் தப்பு எதுவும் இல்லை. பள்ளி என்பதற்கான கோட்டைச் சரியாகத்தான் போட்டீர்கள். அதே கோட்டுக்குப் பல்லியும் உரிமை கொண்டாடியது, அவ்வளவுதான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த மாத்திரைக் கணக்கு முழுவதும் இந்தக் கோட்டில் அழிந்துபோகிறது. பழைய ஸ்வைப்பில் எழுத்தின்மேல் ஒரு சின்னச் சுழி போட்டால் இரட்டிக்கும் என்று ஏற்பாடு இருந்தது. ஆனால் நெடிலும் ஒற்றும் இல்லாத தமிழ் வரி எங்கே இருக்கிறது? வரிக்கு நாலு சுழி போட்டால் இழுப்பதன் வேகம் போய்விடும். தமிழ் எழுத்துகள் உள்ள பலகையிலேயே இழுத்தாலும் ல, ள குழப்பமும் குறில் நெடில் குழப்பமும் தீருமே தவிர, மெய்யை இரண்டு முறை தட்டி இரட்டிக்கும் பலகை என்றால், பலிக்கும் பல்லிக்கும் நடுவில் உள்ள ஒற்றுக்கு அங்கேயும் தடம் இல்லை.

இன்னொன்று, நம் சொற்கள் வளரும் விதம். ‘வா’ என்ற ஒன்றிலிருந்து வந்தவர்களுக்கு, வராவிட்டாலும், வந்துகொண்டிருந்தவளிடமும் என்று எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கணக்கில்லை. எந்தச் சொற்பட்டியலிலும் இவை எல்லாம் அடங்காது. பட்டியலில் இல்லாத சொல்லை இழுத்தால், பட்டியலில் உள்ள வேறொரு சொல்தான் வரும்.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தட்டும்போது விரல் தவறினால் ‘மரம்’ ‘மதம்’ ஆகும் வாய்ப்பு எப்போதாவதுதான். பெரும்பாலும் ‘மரமப்’ என்று ஏதாவது அர்த்தமில்லாமல் வந்து நிற்கும், திரும்பப் படிக்கும்போது கண்ணில் குத்தும். இழுக்கும்போது வரும் பிழை எப்போதும் எழுத்துப்பிழை இல்லாத நல்ல சொல்லாகவே வரும். கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ‘காலையில் வந்தான்’ என்பது ‘கலையில் வந்தான்’ என்று மாறிப் பிரசுரமே ஆகிவிடலாம். இழுத்து எழுதிய பக்கத்தைத் திருத்த, தட்டி எழுதிய பக்கத்தைவிட இரண்டு மடங்கு கவனம் எனக்குத் தேவைப்பட்டது. மிச்சமான நேரமெல்லாம் அங்கே போயிற்று.

இடைவெளியும் ஒரு பிரச்சினை. ஒரு சொல்லை இழுத்து விரலை எடுத்தால் அடுத்த சொல்லுக்குமுன் போனே இடைவெளி விட்டுக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அது உதவி. தமிழில் ‘அவன்தான்’ ‘அவன் தான்’ ஆகிறது, ‘சாப்பிட்டுவிட்டான்’ ‘சாப்பிட்டு விட்டான்’ ஆகிறது. ‘அதைச் சொன்னான்’ என்று எழுத நினைத்தால் ‘அதை’ வந்து இடைவெளியும் விழுந்துவிடும். திரும்பிப் போய் ஒரு ‘ச்’ சேர்க்க வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கும்? இன்று போனில் எழுதப்படும் தமிழில் வல்லின ஒற்று காணாமல் போவதற்கு இலக்கணம் தெரியாதது மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். கருவியும் அந்தப் பக்கமே தள்ளுகிறது.

சரி, வேகம்? ஆல்ட்டோ, கேம்பிரிட்ஜ், சூரிக் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்னே சொன்ன கிறிஸ்டென்சனும் அதில் ஒருவர். 37,000க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் போனில் ஆங்கில வாக்கியங்களை எழுதினார்கள். சராசரி, நிமிடத்துக்கு 36 சொல். இரண்டு கட்டைவிரலால் தட்டியவர்களுக்கு 38. மேலே தோன்றும் பரிந்துரைச் சொற்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மெதுவாகவே எழுதினார்கள் என்பது அதில் நான் முக்கியமாக நினைப்பது. சொல்லைப் படித்து, இதுதானா என்று முடிவுசெய்து, தொடுவதற்குள் கை எழுதி முடித்துவிடுகிறது. கதை எழுதும்போது இன்னொரு நஷ்டமும் உண்டு. நாம் யோசித்துக்கொண்டிருக்கும் வாக்கியத்துக்குள் அந்த மூன்று சொற்கள் வந்து நுழைகின்றன. எழுதும் நேரத்தில் அந்தப் பட்டையை அணைத்துவிடுங்கள். நான் அணைத்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கட்டைவிரலுக்கு வேகம் வருவது அவை மாறி மாறி விழும்போதுதான். ஒன்று தட்டும் நேரத்தில் மற்றது அடுத்த எழுத்துக்குப் போய்விடும். இந்த விதத்தில் தமிழ்99 பலகைக்கு ஈடு நான் பார்க்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த தரம் அது. மேசைக் கணினிக்காக அமைத்தது என்றாலும் கட்டைவிரலுக்கு அருமையாகப் பொருந்துகிறது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ‘நிலா’ என்று எழுத ந, இ, ல, ஆ. வலம், இடம், வலம், இடம். தமிழில் மெய்யும் உயிரும் கைகோத்தே வருவதால் நிறையச் சொற்கள் இப்படி நடை போடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ. நாலே தட்டு. இழுக்கும்போது எந்த இரட்டிப்பு தொலைந்துபோனதோ அதே இரட்டிப்பு இங்கே ஒரு வசதியாகவே ஆகிவிட்டது. கலைக்கும் காலைக்கும் காளைக்கும் தனித்தனித் தட்டு, போன் ஊகிக்க எதுவும் இல்லை.

பலகையில் ஒரு குறை உண்டு. மேல்வரிசையில் மட்டும் 12 எழுத்துகள், அதனால் சின்னப் போனில் கட்டங்கள் குறுகும். முதல் பத்து நாள் எரிச்சலாகவும் இருக்கும். எனக்கு ஏறக்குறைய மூன்று வாரத்தில் கை பழகியது. ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் நாளில் ஆரம்பியுங்கள்.

நிற்கும் நாளில், ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும்போது, இழுப்பதுதான் வசதி. தோன்றிய ஒரு வரி மறந்துபோவதற்குள் எப்படியாவது குறித்துவைக்க வேண்டுமென்றால் தயங்காமல் இழுங்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தட்டித் திருத்திக்கொள்ளலாம். உங்கள் மகளையும் மாற்றச் சொல்ல வேண்டாம். தோழிகளுக்கு அனுப்பும் செய்தியில் ‘ஆமா’வுக்குப் பதில் ‘அம்மா’ வந்தாலும் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

வலியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்லும் இடத்தில், கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண்கள் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அது தடித்துப்போனால் வரும் தொல்லைக்கு, 1895இல் அதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவர்வெயின் பெயரையே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அதுதானா என்று எலும்பு மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். போனைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலாலேயே இழுப்பவர் என்றால், அந்த விரலுக்கு ஓய்வே கிடைக்காது. போனை ஏந்தவும் வேண்டும், திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை துழாவவும் வேண்டும். தட்டும்போது வேலை இரண்டு விரலுக்கும் பிரிகிறது என்றாலும் நோகும் விரலை அதிலும் விரட்டக் கூடாது. வலி அடங்கும்வரை போனை மடியில் வைத்து ஆள்காட்டி விரலால் எழுதுங்கள். மெதுவாகத்தான் வரும், வரட்டும்.

கடைசியாக ஆச்சி. உங்கள் கடிதத்தில் பல்லியைவிட என்னை வருத்தியது அந்த வரிதான். ‘வருகிறீர்களா’ என்று ஸ்ரீவைகுண்டத்தில் எந்த ஆச்சியும் கேட்டிருக்க மாட்டாள். அந்தச் சொல் பட்டியலில் இல்லை என்பதற்காக நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். நாளைக்கு ‘அங்கன’, ‘நிக்கே’, ‘என்னத்தச் சொல்ல’ எல்லாவற்றுக்கும் இதேதான் நடக்கும். பட்டியலில் வட்டாரப் பேச்சு குறைவாக இருக்கிறது, நாம் எழுதாவிட்டால் இன்னும் குறையும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ‘வாரியளா’ என்று எழுதுங்கள். போனில் சொந்த அகராதி என்று ஒரு பகுதி இருக்கும், அதில் சேர்த்துவிடுங்கள். நாலைந்து முறை தட்டிய சொல்லைத் தானே கற்றுக்கொள்ளும் கீபோர்டுகளும் உண்டு.

கதையை முடித்ததும் அனுப்புங்கள். ஆச்சி பேசும் பக்கங்களை மட்டும் முழுக்கத் தட்டியே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.