எங்கள் குழுவில் சிலர் ஒட்டாமலே இருக்கிறார்கள். மனம் நோகாமல், ஆனால் வெளிப்படையாக இதை எப்படிப் பேசுவது?

எனக்கு இரண்டு காதும் பாதிதான் கேட்கும். அதனால், ஒட்டாமல் உட்கார்ந்திருந்த ஆளாகவே இதற்குப் பதில் சொல்கிறேன்.

பலர் கூடிப் பேசும்போது திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்" என்பார். சொல்லவே மாட்டார். இத்தனைக்கும் யாருக்கும் என்மேல் வெறுப்பில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் கூப்பிடுவார்கள். காது கேளாதோர் பலருக்கும் இது பழகிப்போன வலி. ஆங்கிலத்தில் 'டின்னர் டேபிள் சிண்ட்ரோம்' என்று பெயரே உண்டு.

ஒருநாள் தோழி ஒருத்தி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "போன தடவை எல்லாரும் சிரிச்சப்போ நீ போனைப் பார்த்துட்டு இருந்தே. கேக்கலையா, இல்ல பிடிக்கலையா?"

"இங்கே உனக்கு எல்லாம் சௌகரியமா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் "நல்லாத்தான் இருக்கு" என்று முடித்திருப்பேன். கண்ணால் பார்த்ததைச் சொன்னதால் மழுப்ப முடியவில்லை. கோபமாகவே கொட்டித் தீர்த்தேன். அவள் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. "அவங்க வேணும்னு பண்ணலை" என்றுகூடச் சொல்லவில்லை. "அடுத்த தடவை என்ன மாத்தலாம்?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம்தான் எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி வட்டமாக உட்கார ஆரம்பித்தோம். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசுவது என்பதும் வழக்கமானது.

சரி, மற்றவர்களிடம் எப்படிப் பேசுவது? "நீங்க ஒதுக்குறீங்க" என்று ஆரம்பித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் யாரும் பார்ப்பார்கள். 2016-இல் 'சயின்ஸ்' இதழில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மயாமியில் சிலர் வீடு வீடாகப் போய்த் திருநர்களைப் பற்றிப் பேசினார்கள். உபதேசம் இல்லை. உங்களை யாராவது வித்தியாசமானவர் என்று எடைபோட்டிருக்கிறார்களா என்று கேட்டு, அந்த அனுபவத்தைச் சொல்லவிட்டார்கள். சுமார் 10 நிமிடப் பேச்சுதான். அதனால் வெறுப்பு தணிந்தது. அந்த மாற்றம் குறைந்தது 3 மாதமாவது நிலைத்தது. எங்கள் குழுவிலும் அப்படித்தான். தான் ஒதுக்கப்பட்ட நாளை நினைத்துப் பார்த்தவர்களே முதலில் மாறினார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒதுங்கியிருப்பவரைக் கேட்காமல் அவர் கதையைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். என் தோழி, "இதை நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா, இல்ல வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.