சம்பள நோட்டில் பத்தொன்பதாவது பெயர்

கேள்வி: திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறேன். வயது 38. 2016 தொடக்கத்தில் 6 மெஷினோடு ஆரம்பித்தேன். இன்று 14 மெஷின், 18 பேர். காலை 8 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 10 ஆகிறது. ‘கடன் அடையட்டும், சொந்தக் கட்டடம் வரட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம்’ என்று மனைவியிடம் சொல்வேன். ‘இத்தனை வருஷமா இதையேதான் சொல்றீங்க’ என்கிறார். மகளுக்கு வாங்கிய சைக்கிளை ஓட்டக்கூடக் கற்றுத் தரவில்லை. பக்கச் சக்கரத்தைக் கழற்றாமலே அவள் வளர்ந்துகொண்டிருக்கிறாள். நான் செய்வது தப்பா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, தப்பா சரியா என்பது இருக்கட்டும். நீங்கள் காத்திருக்கிற அந்த அமைதியான வருஷம் எது என்று தேடிப் பார்ப்போம். ஆரம்பித்த வருஷமே நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது. அந்த வாரச் சனிக்கிழமைச் சம்பளத்தை எங்கெங்கே புரட்டினீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு. கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் நூல் விலை ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. உங்களுக்கு முந்தைய செட்டைக் கேட்டால், 2011-இல் கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த கதையைச் சொல்வார்கள். பனியன் தொழிலில் அமைதியான வருஷம் என்று ஒன்று வரும் என எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இத்தனை கூத்திலும் ஒரு விஷயத்தை நீங்கள் தள்ளிப்போடவில்லை. ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் பணம் வராவிட்டாலும், நகையை அடகு வைத்தாவது, சனிக்கிழமை சம்பளம் போட்டிருப்பீர்கள். போடாவிட்டால் திங்கட்கிழமை ஓவர்லாக் டைலர் பக்கத்து கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். உங்கள் மனைவியும் மகளும் அப்படிப் போய்விட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவர்களுக்குத் தவணை சொல்கிறீர்கள்.

சம்பள நோட்டில் 18 பேருக்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். மாதா மாதம் ஒரு தொகை, சின்னதானாலும் சரி, யூனிட் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்குப் போக வேண்டும். தனி உரிமையாளர் என்றால் வரிக் கணக்கில் இதைச் செலவாகக் காட்ட முடியாது, பரவாயில்லை. இன்னொன்று: 18 பேர் வேலை செய்யும் இடத்தில் டைலருக்கும் அவருக்கு உதவும் கைமடிக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. முதலாளிக்குக் கிடையாது. காய்ச்சல் வந்தால் உங்கள் செக்கிங் அக்காவுக்கு இருக்கிற பாதுகாப்புகூட உங்களுக்கு இல்லை. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் உங்கள் பெயரில் டேர்ம் ஆயுள் காப்பீட்டு பாலிசியும் இந்த மாதமே எடுங்கள்.

பணம் லேட்டாக வருவதுதான் உங்கள் நேரத்தைத் தின்கிறது என்று நினைக்கிறேன். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருந்தால் அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் உங்களுக்குப் பணம் வர வேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள் தராத பார்ட்டி, அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 கணக்கிலிருந்து இந்த விதி இருக்கிறது. புகார் வரைக்கும் போனால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயம்தான். எண் பில்லில் இருந்தால் அவர்களுடைய ஆடிட்டரே கேட்பார், நீங்கள் சண்டை போட வேண்டாம்.

தள்ளிப்போடத்தான் வேண்டும் என்றால் சொந்தக் கட்டடத்தைத் தள்ளிப்போடுங்கள். வாடகைக் கட்டடத்தில் தைத்த பனியனுக்கு யாரும் விலை குறைத்துக் கேட்பதில்லை.

நான் பல வருஷம் அச்சகம் நடத்தியவன். தினசரி காலண்டர் சீசனில் அடுத்த வருஷத்துத் தேதி எல்லாம் அடித்துக்கொண்டிருப்பேன், அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. அப்பா ராமேஸ்வரம் போக வேண்டும் என்றார். சீசன் முடியட்டும் என்றேன். மூன்று சீசன் முடிந்தது. கடைசியில் தம்பிதான் கூட்டிப் போனான். அக்னி தீர்த்தத்தில் எடுத்த போட்டோ வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நான் இல்லை.

சரி, வேலையைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை ஷிப்ட் ஓடினாலும் நீங்கள் மட்டும் 5.30 மணிக்குக் கிளம்புங்கள். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் ஏதாவது சொதப்பும், அளவு மாறித் தைப்பார்கள், போன் வரும். நீங்கள் இல்லாமல் எது நடக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். அதை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். முதல் புதனன்று மெஷின் மெக்கானிக்கின் டூல் பாக்ஸிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டு போங்கள். பக்கச் சக்கரத்தில் இருப்பது இரண்டே நட்டுதான். கழற்றியபின் சீட்டைக் கொஞ்சம் உயர்த்தவும் வேண்டியிருக்கும்.