தரவுகளை நிலப்படமாக்கிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?

கணினித் துறையைச் சேராத ஒருவர், வேலை போக மிஞ்சும் நேரத்தில் தரவுகளை நிலப்படமாக்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் காட்பாடியில் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் ஐந்து ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இதில்தான் கழிகின்றன.

செலவு ஏதுமில்லை. நிலப்படம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் கட்டற்ற மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். சாலை, ஆறு, ஏரிகளுக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச நிலப்படம் உண்டு. மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பு அட்டவணைகள் உண்டு. மென்பொருளைக் கையாளச் சொல்லித்தரும் காணொளிகள் ஏராளம் என்பதால் அதை விட்டுவிட்டு, முதலில் உங்கள் சொந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். காரணம் இதுதான்.

வேலூர் மாவட்டத்தில் எந்த வட்டத்தில் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள் என்பதே நான் வரைந்த முதல் படம். மக்கள்தொகை அட்டவணையை, வட்டங்களின் எல்லைக்கோடுகள் அடங்கிய எல்லைக் கோப்புடன் வட்டப் பெயரைக் கொண்டு இணைத்தபோது குடியாத்தமும் பேரணாம்பட்டும் அணைக்கட்டும் கே.வி.குப்பமும் நிறமேறாமல் வெள்ளையாக நின்றன. பேரணாம்பட்டுக் கடைத்தெருவில் நடந்திருக்கிறவனுக்கு, அங்கே ஆளே இல்லை என்று படம் காட்டினால் உடனே உறைக்கும். தெரியாத மாநிலத்தை வரைந்திருந்தால் நான் அதை நம்பியிருப்பேன். தேடியபோது, குடியாத்தத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டு இரண்டு கோப்புகளிலும் வேறு வேறாக இருந்தது தெரிந்தது. மற்ற மூன்றும் 2011க்குப் பிறகு பிரிக்கப்பட்ட வட்டங்கள். அந்த அட்டவணையில் அவற்றுக்கு வரியே கிடையாது.

மாவட்டத்துக்கும் இதே கதைதான். இன்றைய இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019 வரை வேலூரோடு இருந்தவை. திருவண்ணாமலை 1989 வரை, வேலூரும் அடங்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இதைக் கவனிக்காமல் பத்தாண்டு வாரியாகக் கோட்டு வரைபடம் போட்டால், 1981க்கும் 1991க்கும் இடையில் இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டே போய்விட்டதுபோல் கோடு சரியும். இதற்கு நான் கண்ட வழி, வருவாய்க் கிராம அளவிலான எண்களை எடுத்து, இன்றைய எல்லைக்குள் வரும் கிராமங்களை நாமே கூட்டிக்கொள்வது. வேலை அதிகம்தான், ஆனால் பலன் பெரிது: வட்ட அளவில் ஒரே நிறமாகத் தெரிந்த அணைக்கட்டு, கிராம அளவில் வரைந்ததும் ஒடுகத்தூர்ச் சமவெளி அடர்நிறமாகவும் மேலே பீஞ்சமந்தை மலைக் கிராமங்கள் வெளிர்நிறமாகவும் பிரிந்து நின்ற அந்த மாலையை நான் மறக்கவில்லை.

நிறத்திலும் கவனம் வேண்டும். மொத்த எண்ணிக்கைக்கு நிறம் கொடுத்தால் பரப்பில் பெரிய இடம் சும்மாவே அடர்ந்து தெரியும்; சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்ட பிறகே நிறம் கொடுங்கள். நிறத்துக்காக எண்களைச் சம இடைவெளி கொண்ட வகுப்புகளாகப் பிரித்தால் மாநகரம் இருக்கும் வேலூர் வட்டம் மட்டும் கருத்து, மீதியெல்லாம் வெளிறிவிடும் என்பதால், வகுப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தூரமும் பரப்பும் அளக்கும்போது, இடங்களின் அமைவிடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவு முறையை, மீட்டரில் அளக்கும் யுடிஎம் (UTM) முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்ற வேண்டும். எங்கள் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கும்.

இப்போது பாலாற்றின் இரு கரையிலும் உள்ள ஏரிகளைக் குறித்துவருகிறேன். படத்தில் பெயரில்லாத ஏரிக்கு நேரில் போய், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, தமிழிலேயே பெயர் சேர்க்கிறேன். உங்கள் ஊர் எது என்று எழுதினால், அதற்கான கிராம எல்லைக் கோப்பைத் தேடுவதில் என்னாலான உதவியைச் செய்கிறேன்.